மீள்திறன் என்னும் சொல்: பேரிடர் ஆய்வுகளும் தனுஷ்கோடிக் கரையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் இறையியல் மாணவர் சிலர் களப்பணிக்காகப் பாம்பன் தீவுக்குச் சென்றபோது, வெளியூர் ஆய்வுக் குழு ஒன்று தயாரித்திருந்த வினாப்படிவத்தையும் உடன் எடுத்துச் சென்றனர். புயலுக்குப் பின் உங்கள் சமுதாயத்தின் மீள்திறனை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக என்பது அதில் ஒரு வினா. 1964-க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து இராமேசுவரத்தில் வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவருக்கு இதை மாணவர் வாசித்துக் காட்டினார். மீள்வது என்றால் திரும்பிப் போவதுதானே என்று அவர் பொருள் கொண்டார். “திரும்பிப் போகத்தான் விடமாட்டேங்கிறாகளே, தம்பி” என்பதே அவர் தந்த விடை. மாணவர் கட்டத்தில் 3 என்று குறித்துக்கொண்டு வந்தார். அந்த 3 எவ்வாறு கிடைத்தது என்று நாம் கேட்டபோது அவரால் கூற இயலவில்லை.

மாணவரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. அவர் கையிலிருந்த சொல் அவருக்கு முன்னரே நெடுந்தொலைவு பயணம் செய்து வந்த சொல். அது எங்கே பிறந்தது, எத்துறையில் வளர்ந்தது, நம் கரைக்கு வந்துசேர்ந்தபோது எதை மறைக்கத் தொடங்கிற்று என்பனவற்றை ஆராயாமல், பேரிடர் அபாயக் குறைப்பு என்னும் ஆய்வுத்துறையை நம் பாடத்திட்டத்தில் சேர்ப்பதோ, அதன் படிவங்களை நம் சபைகளுக்குள் கொண்டுசெல்வதோ முறையன்று என்பது நம் கருத்து.

இத்துறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1755-இல் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தபோது ஐரோப்பியச் சிந்தனையாளர் பலர் கடவுளின் நீதியைப் பற்றி வழக்காடினர். மறு ஆண்டு ரூசோ வால்தேருக்கு எழுதிய மடலில் வழக்கை வேறு பக்கம் திருப்பினார். பல மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதர் என்பது அவர் வாதத்தின் சாரம். இக்கருத்து நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1976-இல் ‘நேச்சர்’ ஏட்டில் ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் என்னும் மூவர் எழுதிய சிறு கட்டுரை, பேரிடரிலிருந்து ‘இயற்கை’ என்ற அடைமொழியை நீக்கவேண்டும் என்று வாதிட்டது. 1983-இல் கென்னத் ஹியூவிட் பதிப்பித்த தொகுப்பும், 1994-இல் பிளேய்க்கி, கேனன், டேவிஸ், விஸ்னர் ஆகியோர் எழுதிய ‘அட் ரிஸ்க்’ என்னும் நூலும் இதனை முழுமையான கோட்பாடாக்கின. புயல் வேறு, பேரிடர் வேறு. புயல் கடலில் பிறக்கிறது. பேரிடரோ நிலவுரிமையிலும் கூலியிலும் கடனிலும் சாதியிலும் புயலுக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே பிறந்து வளர்ந்துவிடுகிறது.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவர் உரைத்ததை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நமக்கு இக்கோட்பாடு அந்நியமானதன்று. ஆயினும் அக்கோபுரத்தைக் கட்டியவர் யார், எவ்வாறு கட்டினார் என்ற வினாவை நம் பிரசங்கங்கள் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பியவர்கள் இந்த ஆய்வாளர்களே.

மீள்திறன் என்பதோ வேறு குடும்பத்துச் சொல். 1973-இல் கனடா நாட்டுச் சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவிற்று. காடுகளும் பூச்சிகளும் மீன்களும் அதிர்ச்சிகளைத் தாங்கித் தம் உறவுகளை இழக்காமல் நிலைத்திருக்கும் ஆற்றலை விளக்க அவர் அதனைக் கையாண்டார். காட்டுக்கு அரசு கிடையாது, பட்டா கிடையாது, வட்டிக்காரர் கிடையாது. அத்தகைய காட்டிலிருந்து எடுத்த சொல்லை மனிதர் வாழும் ஊருக்குப் பொருத்தியபோது இம்மூன்றும் ஓசையின்றி நழுவிவிட்டன. 2005 ஜனவரியில், ஆழிப்பேரலை தாக்கி மூன்று வாரங்களே கடந்திருந்த நிலையில், ஜப்பானின் கோபே நகரில் கூடிய உலக மாநாடு ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, நாடுகளுடையவும் சமுதாயங்களுடையவும் மீள்திறனைக் கட்டியெழுப்புதல் என்பது அதன் தலைப்பிலேயே இடம்பெற்றது. அவ்வாண்டு இறுதியில் நம் நாட்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2015-இல் சென்டாய் செயல்திட்டம் வந்தது. அன்றுமுதல் இச்சொல் இல்லாமல் நிதி கோரும் விண்ணப்பத்தை எழுத முடியாது என்ற நிலை உருவாயிற்று.

இனி இச்சொல்லைத் தனுஷ்கோடியில் வைத்துச் சோதிப்போம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அந்தமான் கடலில் பிறந்து இலங்கையைக் கடந்து வந்த புயல் இக்கரையைத் தாக்கிற்று. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதாகவும், அலைகள் ஏழு மீட்டர் உயர்ந்ததாகவும் கணிக்கப்பட்டுள்ளன. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடி நிலையத்தை அடையும் முன்னரே பயணிகள் அனைவருடனும் கடலால் கொள்ளப்பட்டது. இலங்கைப் பகுதியையும் சேர்த்து 1,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பாம்பன் இரயில் பாலத்தின் பெரும்பகுதிக் கண்கள் கடலுக்குள் விழுந்தன.

அப்பாலம் 46 நாட்களில் மீண்டது. ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்ட பணியை இளம் பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு அத்தனை விரைவாக முடித்தது. அது போற்றற்குரிய சாதனையே. தனுஷ்கோடியோ மீளவில்லை. இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, ஆலயம் என அனைத்தும் கொண்டிருந்த ஊர், மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசால் அறிவிக்கப்பட்டது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றுகொண்டிருந்த துறைமுகம் அத்துடன் முடிந்தது. ஆக, ஒரே புயல், ஒரே தீவு. இரயில்வேயை அலகாகக் கொண்டால் இது உலகுக்கு எடுத்துக்காட்டான மீள்திறன். ஊரை அலகாகக் கொண்டால் முழுத் தோல்வி. தடையையும் பொருட்படுத்தாமல் மணல்திட்டுக்குத் திரும்பிக் குடிசை போட்டு, மின்சாரமின்றி, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்து வாழ்ந்த மீனவக் குடும்பங்களை அலகாகக் கொண்டால் என்ன விடை கிடைக்கும்? அவர்கள் மீண்டவர்களா, அல்லது சட்டத்தை மீறியவர்களா? யாருடைய மீட்சியை அளக்கிறோம் என்று சொல்லாமல் மீள்திறனை அளப்பதில் பொருளில்லை. நாம் பார்த்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை இதனைச் சொல்லாமலேயே அளக்கத் தொடங்கிவிடுகின்றன.

அரசின் அறிவிப்பை நாம் கண்மூடித்தனமாகக் கண்டிக்கவில்லை. இருபுறமும் கடல் சூழ்ந்த அக்குறுகிய மணல்வெளியில் மீண்டும் ஓர் ஊரைக் கட்டியிருக்க வேண்டும் என்று கூறுவது பொறுப்பற்ற செயலாகும். நம் வினா அதன் பிந்திய வரலாற்றைப் பற்றியது. 2017-இல் அரிச்சல்முனை வரை நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, நாள்தோறும் வாகனங்கள் திரளாகச் செல்கின்றன. 2019-இல் தனுஷ்கோடிக்கு மீண்டும் இரயில் பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது. பாதை இன்னும் இடப்படவில்லை. குடியிருக்கத் தகாத நிலம் சுற்றிப் பார்க்கத் தகுந்த நிலமாகிவிட்டது. அபாயம் என்பது அலையின் உயரத்தை மட்டும் பொறுத்ததாயின் இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று? இதனை ஆராயும் நூல்கள் மிகவும் தேவைப்படுகின்றன. ஏனெனில் ‘அட் ரிஸ்க்’ ஆசிரியர்கள் கேட்கச் சொன்ன வினா இதுவே. அவர்களை மேற்கோள் காட்டுவோர் பலர். அவர்கள் கேட்டதைக் கேட்போர் சிலர்.

தனுஷ்கோடியில் இன்றும் சுற்றுலா வருவோர் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இடிந்த தேவாலயத்தின் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று கூர்ந்து நோக்குவோர் குறைவு. அது பவளப்பாறைக் கல். இக்கரையில் வீட்டுக்கும் ஆலயத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பிற்காலத்தில் ஆலைகளுக்கும் பவளப்பாறையைக் கடலிலிருந்து வெட்டி எடுத்தோம். மன்னார் வளைகுடாவில் அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண்களாகத் தீவுகளைச் சூழ்ந்திருப்பவை அப்பாறைகளே. எண்ணத்தக்க 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969-இல் 16 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்து, 2015 அளவில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிற்று. பின்னர் செயற்கைப் பாறைகளை இறக்கி அதனைக் காக்க முயற்சி செய்யப்பட்டது. நம் ஆலயங்களும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைத் திருச்சபையார் மறக்கலாகாது. பவளங்கள் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டன. இங்கே அறிவியலாளரின் எச்சரிக்கை சரியாயிருந்தது. ஊராரும் ஆலைகளும் கட்டடக்காரரும் செவிசாய்க்கவில்லை. ஆகவே அறிஞர் எல்லாரும் தவறு, மக்கள் எல்லாரும் சரி என்ற எளிய வழியை நாம் தெரிந்துகொள்ள இயலாது.

இதே கடலில் பாசி எடுக்கும் பெண்களின் நிலையை ஆய்வுகளில் தொடர்ந்து பார்த்துவந்தால் ஒரு விந்தை புலனாகும். மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் தேடி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் இவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின், பாதுகாப்புத் துறையின் அறிக்கைகளில் இவர்கள் பவளப்பாறைக்கு ஊறு செய்வோர். பேரிடர் ஆய்வின் அட்டவணைகளில் இவர்களே எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவைப்பது என்று தாமே விதி வகுத்துக்கொண்ட பிறகு, வேறொரு வகை நூலில் இவர்கள் சமுதாய வள மேலாண்மைக்கு முன்மாதிரி. சின்னப்பாலத்துப் பாசித் தொழிலாளி ஒருவருக்கு 2015-இல் அமெரிக்க நாட்டு சீகாலஜி பரிசும் கிடைத்தது. ஒரே பெண் காலையில் குற்றவாளி, நண்பகலில் பரிதாபத்துக்குரியவர், மாலையில் முன்மாதிரி. மூன்று துறையினரும் ஒருவர் நூலை ஒருவர் வாசித்திருந்தால் இவ்வாறு நேர்ந்திராது.

‘சமுதாயம்’ என்ற சொல்லையும் நாம் ஐயுறவேண்டியிருக்கிறது. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்றோர் ஏற்பாடு உண்டு. அதுவே இங்கு ஒரே சமுதாயம் இல்லை என்பதற்குச் சான்று. விசைப்படகு உரிமையாளர், அதில் பங்குக்குச் செல்லும் தொழிலாளி, வத்தையில் வலை போடுவோர், கரைவலை இழுப்போர், கருவாடு காய்ப்போர், பாசிப் பெண்கள் ஆகியோருக்குப் புயலும் ஒன்றன்று, புயலுக்குப் பிந்திய நாளும் ஒன்றன்று. ஆய்வாளர் ஊருக்குள் வந்து சங்கத் தலைவரையும் ஆயரையும் பங்குத்தந்தையையும் ஜமாத்தாரையும் கண்டு பேசி, சமுதாயத்தின் கருத்து இது என்று எழுதிச் செல்கிறார். கேட்கப்பட்ட நால்வருள் எவரும் பாசி எடுக்க மூழ்கியவர் அல்லர்.

உள்ளூர் அறிவு என்ற தலைப்பில் எழுதப்படுவனவும் பெரும்பாலும் சொற்பட்டியலாகவே முடிகின்றன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்கள் அட்டவணையில் ஏறுகின்றன. வடபுறத்துப் பாக் கடலைப் பெண்கடல் என்றும் தென்புறத்து மன்னார்க் கடலை ஆண்கடல் என்றும் இத்தீவினர் அழைப்பது அடிக்குறிப்பில் அழகுக்காகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் காற்று மாறும்போது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்வதே இம்மக்களின் காப்புமுறை என்பதும், மாறிச் செல்ல இடமிருந்தால்தான் அந்த அறிவு பயன்படும் என்பதும் எழுதப்படுவதில்லை. கரை மறிக்கப்பட்டால் காற்றின் பெயர் தெரிந்து என்ன பயன்?

அதே வேளையில் உள்ளூர் அறிவைத் தெய்வமாக்குவதும் தகாது. 2024 நவம்பர் 20-ஆம் நாள் புயல் ஏதுமின்றியே இராமேசுவரத்தில் 41 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வாறு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையை எந்தப் பழைய காற்றுப் பெயரும் முன்னறிவிக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலறிந்தவர்களே பெருந்தொகையாய் மாண்டனர். துணைக்கோள் படமும் வானிலை நிலையமும் இன்றியமையாதவை. 2016 முதல் பாம்பனிலிருந்து ஒலிபரப்பும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, காற்றையும் அலையையும் பற்றிய செய்திகளை மீனவர் பேசும் மொழியிலேயே அவர்களுக்கு எட்டச் செய்கிறது. பல நூறு பக்க ஆய்வேடுகள் கூறும் ‘பங்கேற்பு’ என்பதன் பொருளை அங்கே ஒரு மணிநேரம் அமர்ந்தால் விளங்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை எட்டியும் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆய்வாளர் இதனை விழிப்புணர்வுக் குறைவு என்று பதிவு செய்கின்றனர். இராமநாதபுரம் சேகரத்தில் நாம் ஆயராய்ப் பணியாற்றிய நாட்களில் அறிந்த உண்மை வேறு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவருக்கே அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும். போகாத நாளும் கடன் வளரும். புயல்கூண்டு ஏற்றப்பட்டதை அவர் நன்றாகவே அறிவார். அவரிடம் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது, பசித்தவனுக்குச் சமையற்குறிப்பு வாசிப்பது போன்றது.

இங்கேதான் இத்துறையின் மீது நம் முக்கியக் குற்றச்சாட்டு எழுகிறது. பேரிடருக்குக் காரணம் சமூக அமைப்பே என்று கண்டறிந்து, கடவுள்மீதும் கடல்மீதும் இருந்த பழியை நீக்கிய அதே துறை, மீள்திறன் என்ற சொல்லின் வழியாக அப்பழியை இழந்தவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. யோபுவிடம் வந்த நண்பர்கள், நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்றனர். இன்று வருவோர், நீ ஆயத்தமாயிருக்கவில்லை, உன் சமுதாயத்தின் சமூக மூலதனம் குறைவு, உன் மதிப்பெண் 3 என்கின்றனர். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய்பேசாதிருந்தனர் என்பதையும் கூறவேண்டும். இவர்களுக்கு அவ்வளவு விடுப்பு இல்லை.

இக்கண்டனத்தை வெளியாரான நாம் மட்டும் எழுப்பவில்லை. கெயிலார்டு, லோரி பீக் ஆகிய இருவர் 2019-இல் ‘நேச்சர்’ ஏட்டில், பேரிடர்ப் பகுதிகளில் ஆய்வு நடத்துவோருக்கு நடத்தை விதிகள் வேண்டுமென்று எழுதினர். பேரிடர் என்ற கருத்தே மேலைநாட்டு மொழிகளில் வார்க்கப்பட்டு உலகெங்கும் ஏற்றுமதியாகிறது என்று அதே கெயிலார்டு அண்மையில் தனி நூலே எழுதியுள்ளார். இத்தீவில் எவரும் 1964-ஐப் பேரிடர் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘அறுபத்துநாலு புயல்’ என்றே சொல்கின்றனர்.

நடத்தை விதிகளைப் பற்றிப் பேசும்போது நம்மையும் குற்றக்கூண்டில் நிறுத்தியாக வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது இலங்கைத் தீவு அரணாக நின்றமையால் இராமநாதபுரக் கரை பேரிழப்பின்றித் தப்பிற்று. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாகப்பட்டினத்தை நோக்கியே ஆய்வாளர் படையெடுத்தனர். ஆய்வு மாண்டோரின் தொகையைத் தொடர்ந்து செல்வது என்பதை அப்போது கண்டோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நம் பகுதிக்கும் ஒரு குழு வந்தது. ஆலய மண்டபத்தைத் திறந்து கொடுத்தோம். வீடுவீடாக உடன் சென்றோம். ஆய்வு முடிந்ததும் முடிவுகளைத் தமிழில் தருவார்கள் என்று மக்களுக்கு நாமே வாக்குக் கொடுத்தோம். எதுவும் வரவில்லை. மடல் எழுதினோம், விடையில்லை. ஆனால் வாக்குக் கொடுத்த வாய் நம்முடையது. ஆயர் உடன் வந்ததால்தான் கதவுகள் திறந்தன. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சந்திப்புக்குச் சென்றபோது, அந்தத் தாள்கள் என்னாயிற்று ஐயா என்று கேட்ட வீடுகள் ஒன்றிரண்டல்ல.

இவ்வனுபவத்துக்குப் பின்னும் நாம் மாணவரைப் படிவத்தோடு அனுப்பினோம் என்பதுதான் வெட்கத்துக்குரியது. எனவே சென்ற முறை வேறுவிதமாகச் செய்தோம். புதிய படிவம் எதுவும் கொண்டுபோகாமல், முந்திய ஆண்டு மாணவர் எழுதிய அறிக்கையையே தமிழில் எடுத்துச் சென்று, மாலையில் வலை உலர்த்தும் இடத்தில் உரக்க வாசித்தோம். இரண்டு மணிநேரத்துக்கு மேலாயிற்று. வாடைக் காலம் என்று எழுதியிருந்த ஓரிடத்தைக் கச்சான் காலம் என்று திருத்தினர். மீள்திறன் அட்டவணையை வாசித்தபோது சிரித்தனர். பெண்கள் பகுதியை வாசித்தபோது, இதை யார் சொன்னது என்று ஒருவர் கேட்க, நான்தான் சொன்னேன் என்று மற்றொருவர் எழுந்து நின்று இன்னும் சில செய்திகளைச் சேர்த்தார். யார் யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது பெயர்களோடு இருந்த ஒரு பக்கம் வந்தபோது அனைவரும் அமைதியாயினர். அப்பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றனர். ஆய்வுக்கு மிகவும் பயன்படும் பக்கம் அது. கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.